ஏற்றத்தில் எடை

பூம்பாறைப் பள்ளத்துப் பூண்டுத் தோட்டத்திலிருந்து
ரோட்டுக்கு ஏறும் பாதை
முழுக்கச் சரளை.

டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டேன்.
எழுந்து மிதித்தால் பின்சக்கரம் சும்மா சுழலும்.
பின்னால் சாய்ந்தாலோ
முன்சக்கரம் வானம் பார்க்கும்.
சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டு
தாடை ஹேண்டில்பாரைத் தொட
மிதி,
நிதானமாக, விடாமல்.

கேரியரில் முப்பது கிலோ மூட்டை.
வழி நெடுகத் திட்டினேன் அதை.
ஒருமுறைகூட வழுக்கவில்லை.

மறந்துவிட்ட குடைக்காக மறுபடி இறங்கி
வெறும் வண்டியோடு ஏறினேன்.
அதே பாதை, அதே கால்கள்.
இரண்டாம் வளைவில்
சக்கரம் மண்ணைக் கைவிட்டது.
முழங்காலில் ரத்தம், பைன் ஊசி.

கேரியரில் இரண்டு பாறாங்கல்லைக் கட்டி
மேலே வந்து சேர்ந்தேன்.

தராசுக்கார சிலுவைமுத்து
கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்:
"இது கிலோ என்ன விலை?"