புதன்கிழமை ஊசி

மெரிதாவில், சந்தைக்குப் பின்தெருவில்,
ரொட்டி சுடும் எவுலாலியா காஞ்சே
மாவு படிந்த கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதி வைத்திருக்கிறாள்:

ஊசி நாலு, மாவு மூட்டை பதினொன்று.

கீழே வேறு மையில்
முந்நூற்றுப் பத்து, இருநூறு, நூற்று நாற்பது.
பெருவிரல் புண் ஆறிவிட்டது. அடிக்கோடு.
ராத்திரி ஒரே தடவைதான் எழுந்தேன்.

ஏட்டில் ஏறாதவையும் உண்டு.
முப்பது வருடமாய் அவளை எழுப்பிய
வெண்ணெய் உருகும் வாசம்
இப்போது கொல்லைக்கு விரட்டுகிறது.
மாவைக் கிள்ளி வாயில் போட்டால்
நாக்கு பதில் சொல்வதில்லை.

"ரொட்டி உப்புக் கரிக்கிறதே"
என்றார் தபால்காரர் ரெஃபூகியோ.
மூன்று வாரமாய்க் கரித்ததாம்.
மற்றவர்கள்
இளைத்துவிட்டாய், கண் பட்டுவிடும் என்றார்களே தவிர
அதைச் சொல்லவில்லை.

அக்கா நெமேசியாவுக்கு
இடது முழங்காலுக்குக் கீழே
ஒன்றுமில்லை.
அவளுடைய ஒற்றைச் செருப்பு
இன்னும் அடுப்படிக் கதவோரம் கிடக்கிறது.

குளிர்பெட்டியில் ஈஸ்ட் டப்பாவை ஒட்டி
நாலாவது ஊசி.
இன்று செவ்வாய்.

கைக்கணக்கில் போட்ட உப்பை
கரண்டியில் எடுக்கிறாள்,
தலைதட்டுகிறாள்,
சந்தேகம் வந்து
மறுபடியும் தட்டுகிறாள்.