நானூற்றித் தொண்ணூற்றொன்பது ரூபாய்

சிவப்புக் கோட்டு, வெள்ளை எழுத்து:
'சேவை நாய். தொடாதீர்.'
மூன்றே நாளில் வீட்டுக்கு வந்தது பார்சல்.
சான்றிதழ் யாரும் கேட்கவில்லை,
மார்பளவு மட்டும் கேட்டார்கள்.
புல்லட்டுக்குக் கொஞ்சம் இறுக்கம்.
எனக்குக் கச்சிதம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் பிளாக்கில்
லிஃப்டில் நாய் ஏறக் கூடாதென்று
செயலாளர் தணிகாசலம் ஒட்டிய நோட்டீஸ் முன்னால்
ஜம்மென்று நிற்போம் இருவரும்.
'என்ன சேவை பண்ணுது?' என்றார் வாட்ச்மேன் ஜெயபாலு.
'எனக்கு பி.பி.' என்றேன்.
அது பொய்யுமில்லை.
அதற்குள் புல்லட்
அவர் டிபன் டப்பாவுக்குள் மூக்கை விட்டிருந்தான்.

லிஃப்ட் மூலையில் ஒருமுறை காலைத் தூக்கினான்.
இன்னொரு முறையும்.
நான்காம் மாடிப் பையனின் கிரிக்கெட் மட்டையைக் கவ்வி
விடவே இல்லை.
கோட்டு இருந்ததால்
கொஞ்சம் மரியாதையாகத் திட்டினார்கள்.

ஆடி மாதம் ஆறாம் மாடிக்குக் குடிவந்தாள் பிலோமினா.
வங்கியில் வேலை. கண் தெரியாது.
கூட வந்தது நோவா,
வெளியூரில் இரண்டு வருஷம் பயிற்சி முடித்த
கறுப்பு லேப்ரடார்.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
நடைபாதைமேல் ஏறி நிற்கும் கன்டெய்னர் லாரியை,
மூடாத மேன்ஹோலை, படுத்திருக்கும் மாட்டை,
மீன்கூடைக்கு அடியில் ஒழுகும் தண்ணீரை
ஒவ்வொன்றாகப் படித்து
அவள் இடது கைக்குச் சொல்லும்.
கருவாட்டுக் கடை வாசலில்கூடத் திரும்பாது.
நானே பார்த்தேன். நம்பவில்லை.

முதல் நாளே லிஃப்ட் வாசலில் மறித்தார்கள்.
'இந்த மாதிரி கோட்டெல்லாம் நாங்க பாத்துட்டோம்மா.'
பையிலிருந்து அட்டை எடுத்தாள், கடிதம் எடுத்தாள்.
தணிகாசலம் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தார்.
ஆறு மாடி ஏறினாள்.
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சொன்னது நோவா.
எட்டாம் மாடியில் நான்
காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை.
ஒரு கையில் பால் பாக்கெட்.
வாரைச் சுற்றிப் பிடிக்காமல்
சும்மா விரலில் மாட்டியிருந்தேன்.
புல்லட் பாய்ந்தான்.

நோவா குரைக்கவில்லை. திருப்பிக் கடிக்கவில்லை.
அவளுக்கு முன்னால் உடம்பைக் குறுக்கே வைத்து நின்றது,
காதிலிருந்து ரத்தம் சொட்ட.
'யாரது? யாரோட நாய்?'
சுவரைப் பார்த்துக் கேட்டாள் பிலோமினா.
எங்கள் பிளாக்கில்
அந்தக் கோட்டிடம் ஏமாறாத ஒரே ஆள்.

நாய் என்றதும் இரண்டு ஆட்டோ வேகமெடுத்தன.
மூன்றாவதில் வேப்பேரிக்குப் போனோம்.
நாலு தையல்.
'உங்க நாய்க்கு ரேபிஸ் ஊசி எப்பப் போட்டீங்க?'
தேதி தெரியவில்லை எனக்கு.
கோட்டின் விலை தெரிந்தது.

திரும்பும் வழியில்
'பேர் என்ன?' என்றாள். சொன்னேன்.
'உங்க பேரில்ல, நாய் பேரு.'
'புல்லட்.'
'அதான்' என்றாள்.
சிரித்தாளா, தெரியவில்லை.

ஒன்றரை மாதம்
படியிறங்க மறுத்து நடுங்கியது நோவா.
அவள் வெள்ளைக் கோலை மறுபடி எடுத்தாள்.
ரோட்டில் அது தட்டிக்கொண்டே போகும் சத்தம்
எட்டு மாடிக்கும் கேட்காது.
எனக்குக் கேட்டது.

சங்கக் கூட்டத்தில் எழுந்து
'அந்தக் கோட்டு டுபாக்கூரு' என்றேன்.
தண்ணீர் லாரிக் கணக்கில் இருந்தார்கள்.
மறுபடி சொன்னேன், சத்தமாக.
பிலோமினாவுக்கு லிஃப்ட் கிடைத்தது.
கரன்ட் இருக்கும்போது.

இப்போது பையில் பழைய பேப்பரும்
ஊசி போட்ட சீட்டும்.
வார் மணிக்கட்டில் இரண்டு சுற்று.
கரன்ட் போன காலைகளில்
ஏழாம் மாடித் திருப்பத்தில் புல்லட்டை உட்காரச் சொல்வேன்.
பாதிதான் உட்காருவான்.
கீழே கைப்பிடி கிறீச்சிடும். நோவா நிற்கும்.
'இருக்கீங்களா?'
'இருக்கேன். புடிச்சிட்டிருக்கேன்.'
'நல்லாப் புடிங்க' என்பாள்,
நோவா முதல் அடியை எடுத்து வைக்க
எவ்வளவு நேரமானாலும் காத்திருந்து.