நீள சீட்டு

ரையடர் மலைப்பண்ணை, மார்ச் மழை.
குவாட் பைக்கை அணைக்காமலே
என் படிவத்துக்குக் கை நீட்டினார் கெத்தின் ப்ராஸர்.

"ஹெல்மெட்?"
கொட்டகைப் பக்கம் தாடையைக் காட்டினார்.
தீவன மூட்டைமேல் மல்லாந்து கிடந்த அதற்குள்
ஒரு குட்டைக்கோழி அடைகிடந்தது.

தார்ச்சாலையில் கேட்காத சட்டம்
வேலைக்கென்று சரிவில் ஏறினால் கேட்கும் என்றேன்.
"மலைக்கு என் தலைமேல் அவ்வளவு பிரியமா?"

இடது முன்சக்கரத்தில்
காற்று ஒரு பவுண்டு குறைவு.
ஒன்றுதானே என்றார்.
நாலே பவுண்டு பிடிக்கிற டயரில்
அது கால்வாசி.

"சரி, சீட்டு இவ்வளவு நீளமாய் இருக்கிறதே,
ரெண்டு பேருக்குத்தானே?"

இல்லை.
ஏறும்போது முன்னே நகர,
இறங்கும்போது பின்னே ஒதுங்க,
ஒரே உடம்புக்கு விட்ட இடம்.

எஞ்சினை அணைத்தார்.
அப்போதுதான் மழை கேட்டது.
சீட்டின் பின்பாதியில் உள்ளங்கை வைத்து
"நெரிஸ் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள்."

எந்தச் சரிவு, எந்தத் தேதி?
படிவத்தில் கட்டம் இருந்தது.
பேனா அதைத் தாண்டிப் போனது.

அவகாசம்: இருபத்தொரு நாள் என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தவர்
"முட்டைக்கும் அவ்வளவுதான்" என்றார்,
சாவியை உருவி என்னிடம் நீட்டி,
நாயை விசிலடித்துக் கூப்பிட்டு
ஆடுகளைப் பார்க்க
நடந்தே ஏறினார்.