ஒரு சாண் குறைவு

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில்
எங்கள் புளோக்கை நெருங்கும்போது
தன் சன்னல்களைத் தானே புகைமூட்டிக்கொள்ளும்.
"ரயிலே கண்ண மூடிக்கிது,
நமக்கு எதுக்கும்மா திரை?" என்றான் கபிலன்.
பதில் சொல்லவில்லை.
வாயில் நாலு குண்டூசி.

தையல் இயந்திரம்
சுவா சூ காங்கில் ரொஹாயாவிடம் வாங்கியது.
எண்பது வெள்ளி,
பிஸ்கட் டின் நிறையப் பித்தான்கள் இனாம்.
ஈரமான நாளில் மட்டும் நூலறுக்கும் என்று எச்சரித்தார்.
இந்த ஊரில் எந்த நாள் ஈரமில்லை என்று
கேட்கத் தோன்றியது
மின்தூக்கி பாதி தூரம் இறங்கிய பிறகுதான்.

அராப் ஸ்ட்ரீட்டில் பருத்தி, பத்து மீட்டர்.
கடைக்காரர் சொன்ன நிறம் கடல்பச்சை.
வீட்டுக்கு வந்து விரித்தால் பாகற்காய்.
பரவாயில்லை.
பாத்திரம் கழுவிய ஈரக்கையைத்
துடைத்துத் துடைத்து
மூன்று இரவு தைத்தேன்.
மேலே நேர்க்கோடு ஓட
அடியில் நூல் கூடு கட்டியது.
பிரித்தேன். கட்டியது. பிரித்தேன்.
கீழ்வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று
இயந்திரத்துக்கடியில் மடித்த போர்வை.

ஞாயிற்றுக்கிழமை தொங்கவிட்டபோது
தரையை முத்தமிட்டும் முத்தமிடாமலும்
அத்தனை அளவாய் நின்றது.
துவாஸ் கப்பல் பட்டறையின் இரவு வேலை முடிந்து
குணாளன் வந்தார்.
காலுறையைக் கழற்றாமல் பார்த்துவிட்டு
"கடையில வாங்குன மாதிரியே இருக்கு" என்றார்.
அந்த 'மாதிரி'யை மட்டும்
கத்தரித்தெடுத்திருப்பேன்.

நனைத்து உலர்த்தி
அப்புறம்தான் வெட்ட வேண்டுமாம் பருத்தியை.
முதல் சலவைக்குப் பிறகு தெரிந்தது.
மூங்கிலிலிருந்து இறக்கி மாட்டினால்
ஒரு சாண் குறைவு.
"திரை முக்கா சிலுவார் போட்டுருக்கு!"
கபிலன் தரையில் படுத்து
அந்த இடைவெளியில்
ரயிலுக்குக் கை காட்டினான்.
இரண்டு வாரம் அந்தப் பக்கமே
நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் கம்பெனி
சீருடையை நீலமாக்கியது.
பழைய ஆரஞ்சு கவரால்கள் மூன்று
குப்பைக்குப் போகும் பையில்.
முழங்கால் கிழிசல். மார்பில்
வெல்டிங் பொறி தின்ற துளைகள்.
முதுகு மட்டும்
வாங்கிய நாள் போலவே இருந்தது.
எடுத்தேன், வெட்டினேன்.
இரண்டு ஊசி ஒடிந்தது,
மூன்றாவது பதினாறாம் நம்பர், தாங்கியது.
பாகற்காய்க்குக் கீழே ஆரஞ்சு.
யாரும் வாயைத் திறக்கவில்லை,
நானும்தான்.

மாட்டிய பிறகு பார்த்தேன்,
ஓரத்துணியை உள்வெளி மாற்றித் தைத்திருக்கிறேன்.
வெள்ளிப் பட்டை வெளிப்பக்கம்,
பிரிக்காமல் விட்ட பையும் வெளிப்பக்கம்.
இன்னொரு முறை பிரிக்கத் தெம்பில்லை.
கபிலனுக்கு அந்தப் பை பிடித்துப்போனது.
திரைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினால்
இப்போது அங்கே
டிவி ரிமோட், பயண அட்டை,
பாதி கடித்த ஹாவ் மிட்டாய்.

போன வியாழன் பின்னிரவு வேலை.
மணி ஒன்று, கடைசி ரயிலும் போய்விட்டது.
குணாளன் சைக்கிளில் வந்திருக்கிறார்.
கார் நிறுத்துமிட மேட்டில் ஏறும்போது
முன்விளக்கு ஒரு நொடி மேலே தூக்க,
நாலாம் மாடியில்
எங்கள் சன்னல் மட்டும்
பளீரென்று கோடு போட்டதாம்.

"சைட்ல அந்தப் பட்டை மின்னுச்சுன்னா
ஆளு இருக்கு, பாத்து வான்னு அர்த்தம்"
என்றார் சோற்றைப் பிசைந்தபடி.
பிறகு ரசம் கேட்டார்.

அது மின்னி நான் பார்த்ததில்லை.
வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே
திருப்பிக் கொடுக்கும் துணியாம் அது.
உள்ளே இருப்பவளுக்கு
ஆரஞ்சின் பின்பக்கமும்
என் கோணல் தையலும்தான்.

மீதமிருக்கும் ஒரு கையை
அடுப்பங்கரைக் கையுறையாக்கலாம்.
முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும்.