நூற்றிருபது சொற்கள்

விழாக் கையேட்டில் ஆளுக்கு நூற்றிருபது சொற்கள்.
பதினொரு குழு முடிந்தது. மிச்சம் இவள்.
ஜொனெல் ப்ரூயிட். மேடைப் பெயர்: மூன்றாம் ஷிப்ட்.
கம்பெனி இல்லை, மேனேஜர் இல்லை,
அனுப்பிய புகைப்படத்தில் முகமும் இல்லை:
ஒரு தள்ளுவண்டி, அதில் குவிந்த வெள்ளைத் துணி.

காலை ஆறரைக்குத்தான் வருவேன் என்றாள்.
டுலூத்தில் ஆகஸ்டிலும் அந்நேரம்
ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து
தூக்குப் பாலத்தை இடுப்புவரை தின்றிருக்கும்.
மருத்துவமனைப் பின்வாசலிலிருந்து
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தாள்.
ப்ளீச் வாசனை அவளுக்கு முன்னே வந்து உட்கார்ந்தது.

கேட்டேன், எல்லாரிடமும் கேட்பதை:
உங்களைப் பாதித்தவர்கள் யார்?
"ஏழாம் நம்பர் உலர்த்தி" என்றாள்.
யாரோ ஒரு நோயாளியின் கவுனில் மறந்துபோன
இரும்புப் பொத்தான் ஒன்று
அதன் வயிற்றுக்குள் இரண்டு வருஷமாய்ச் சுற்றுகிறதாம்.
டக், டடக். ஒரு மூச்சு விட்டு, டக்.
பழுது பார்க்க வந்தவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துத்
திருப்பி அனுப்பியிருக்கிறாள்.
முதல் ஆல்பம் முழுக்க அந்தப் பொத்தான்தான் தாளம்.
இருநூறு கேசட். நூற்று நாற்பது விற்றது.
மிச்சம் மெத்தைக்கு அடியில்;
அதன்மேல் படுத்தால் முதுகுவலி குறைகிறதாம்.
சம்பளம் கேட்காத ஒரே டிரம்மர், என்று சிரித்தாள்.

முன்பல் ஒன்று பாதி இல்லை.
அதற்கும் ஒரு பாட்டு உண்டு.
"இந்த ஊர்ப் பெயரோடு ஆங்கிலத்தில்
உண்மை என்ற சொல் இயைந்துபோகும்.
இங்கே பேனா பிடித்தவன் எல்லாம்
அந்தச் செல்லாக் காசைத்தான் செலவழிக்கிறான்.
பல் என்ற சொல்லும் இயையும்.
எனக்குப் பல் போதும்.
உண்மைக்கு யாரும் பில் அனுப்புவதில்லை."

குறித்துக்கொண்டேன். ஏடு நிரம்பியது,
ஆள் பிடிபடவில்லை.
எங்கே பிறந்தாய் என்றால் பேருந்து எண் சொல்கிறாள்.
கனவு என்ன என்றால்
"பகல் ஷிப்ட்."
இடையில் அவளும் ஏதோ கேட்டாள்,
முட்டை வரும்வரை பொழுது போக வேண்டுமே,
ஏன் தலையைச் சாய்த்தே பேசுகிறாய் என்று.
இடது காது கேட்காது என்றேன்.
தாது ஏற்றும் துறையில் ஒன்பது குளிர்காலம்;
காதடைப்பான் போட்டால் போர்மேன் கத்துவது கேட்காதென்று
போடாமலே இருந்து
இப்போது அந்தப் பக்கம் எதுவும் கேட்காது.
அவ்வளவுதான் சொன்னேன். முட்டை வந்துவிட்டது.

நூற்றிருபது சொற்களையும் அனுப்பினேன்.
அச்சகத்தில் நாற்பதாகக் குறுக்கி
"வளர்ந்துவரும் குரல்" என்று சேர்த்தார்கள்.
அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

விழாவுக்கு முந்தைய மாலை, ஒலிச் சோதனை.
ஏரிக்கரைப் புல்வெளியில்
மடக்கிய நாற்காலிகள், ஆறு பேர், கணக்கில்லாத கடற்காகங்கள்.
மைக்கைப் பிடித்து ஒன்று இரண்டு சொல்லவில்லை.
நேரே பொத்தான். டக், டடக்.
பாதியில் ஒரு கப்பல் பாலத்தைப் பார்த்து ஊதியது,
ஒன்று நீளம், இரண்டு குட்டை.
நிறுத்தினாள். பாலம் பதில் ஊதி முடிக்கும்வரை
சிக்னலில் நிற்கும் லாரிபோல நின்றாள்.
பிறகு, விட்ட அசையிலிருந்தே எடுத்தாள்:

ஒரு காதில் ஒன்பது குளிர்காலத்தைப்
பூட்டி வைத்திருக்கும் ஆள்;
சாவி கேட்டால் தலையைச் சாய்க்கிறான்.

என்னைக் கேட்டுக்கொண்டு எழுதவில்லை.
கோபம் வந்ததா என்று இன்றும் தெரியாது.
நானும்தானே அவளை நூற்றிருபதாக நறுக்கினேன்.
அவள் மூன்றே வரியில் முடித்துவிட்டாள்,
அச்சகக்காரனால் ஒரு சொல்லும் குறைக்க முடியாது.

ஒலிப்பலகைக்குப் பின்னாலிருந்து ஓர்வில்
கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டிக் கேட்டான்:
கூட்டவா, குறைக்கவா?
ஒலிபெருக்கியின் பக்கம் இடது கன்னத்தைத் திருப்பினேன்.
ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை.
பிறகு செருப்படியில், டக்.
கூட்டு, என்றேன்.