எடைக்கொட்டகைச் சுவரில் ஒரு மலை

கொழுந்து நிறுக்கிற கொட்டகையின் சுவருக்கு
அன்று காலைதான் சுண்ணாம்பு அடித்தோம்.
திருச்சூரிலிருந்து ஜீப்பில் வந்த சங்கத்தார்
ஜெர்மன்காரர்களின் மலையொன்றை
அதில் ஏற்றினார்கள்.
பேச்சில்லாத படம். நூறு வருஷம் இருக்கும்.
சூரியநெல்லிக்கு மேலே எங்கள் மூடுபனி
ஒளிக்குள் புகுந்து
அவர்கள் பனியோடு கலந்தது.

எழுத்து வரும்போதெல்லாம்
மலையாளத்தில் எழுதித் தந்த தாளைப் பார்த்து
மைக்கில் தமிழாக்கிச் சொல்வது என் வேலை.
"இவளை ஊருக்குள் விடாதே."
"ஆடு செத்தது இவள் கண் பட்டுத்தான்."
சொல்லிக்கொண்டே போனேன்.
ஜெனரேட்டர் நடுநடுவே இருமியது.

வெளிச்சம் எட்டாத பாறையில்
தலையில் சாக்கோடு சீனியம்மா.
மூனாம் டிவிஷன் மண்ணோடு போன ராத்திரி
ஒவ்வொரு லயமாகக் கதவைத் தட்டியவள்.
'ஓடை நின்னு போச்சு, எந்திரிங்க,
ஓடை நின்னு போச்சு.'
தோண்டி எடுத்தவர்கள் மறுநாள் சொன்னார்கள்:
இவள் சொன்னதால்தான் வந்தது.
அதிலிருந்து கணக்குப்பிள்ளை அவளுக்குப் பேர் போடுவதில்லை.
குழாயடியில் கடைசிக் குடம் அவளுடையது,
தண்ணீர் இருந்தால்.

ஏழாவது அட்டை.
தாளில் ஒரே ஒரு சொல். துர்மந்திரவாதினி.
அதற்குத் தமிழ் எனக்குத் தெரியும்.
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
நான் வாயெடுப்பதற்கு முன்பே
முன்வரிசைத் தலைகள்
பாறைப் பக்கம் திரும்பிவிட்டன.

எங்கள் கதவில் அன்று மூன்று தட்டு.
சிம்னியை ஊதி அணைத்தது நான்தான்.
மண் ஒரு முழம் தள்ளிப் போனது.
அதே மூச்சை இப்போது மைக்
லயம் முழுக்கக் கேட்கப் போட்டது.

பிறகு சொன்னேன்:
"இவளுக்கு வழி தெரியும்."

சங்கத்துக்காரர் தாளை எட்டிப் பார்த்தார்.
சுவரில் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள்.
'வழி தெரிஞ்சவள ஏம்ப்பா எறியுறாங்க'
என்று ஒரு பையன் கேட்டான்.
அவன் அப்பா பீடியைத் தேடினார்.

வயரைச் சுருட்டும்போது
கொட்டகை ஓரம்வரை வந்தாள்.
"அந்தப் புள்ள ஏறவே இல்ல.
இடுப்புல கயிறு கெடக்கு.
ஈரப்பாறையில எவ குதிகால ஊனுவா?"
இன்னும் ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது.
சிகரம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்,
விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு
ஓடைப் பக்கமாக நடந்தாள்.

காலையில் கொழுந்து நிறுக்கப் போனபோது
சுவரில் நாலு விரல் அகலத்துக்கு
சுண்ணாம்பு இல்லை.