ஒன்பதாம் ஷரத்து

உம்முல் குவைன், நகராட்சி இரண்டாம் மாடி,
கொள்முதல் பிரிவு.
கடற்கரை நடைபாதைக்கு நூற்றெண்பது மர பெஞ்சுகள்.
டெண்டர் படிவத்தில் இந்த வருடம்
புதிதாக ஒன்று ஏறியிருந்தது:
எந்தக் காட்டில் வெட்டிய மரம் என்று
காகிதத்தோடு காட்ட வேண்டும்.

காட்டைக் காட்டு.
தமிழில் இரண்டே சொல்.
அரபியில் நாலு வரி,
ஆங்கிலத்தில் அரைப்பக்கம், அடியில் மூன்று குறிப்பு.
அடித்துக் கொடுத்தவள் நான்தான்.
அடிக்கும்போது நம்பவில்லை
அது ஒரு நாள் யாரையாவது நிறுத்தும் என்று.

இங்கே வருடத்தில் நாலு நாள் மழை பெய்தால்
பள்ளிக்கூடம் லீவு.
காடு என்றால் கழிமுகத்தில்
இடுப்பளவு உப்புநீரில் நிற்கும் அலையாத்தி.
எங்கோ இருக்கும் மழைக்காட்டுக்கு
நாம் ஏன் கூடுதல் காசு தர வேண்டும் என்று
கணக்குப் பிரிவு எழுதிக் கேட்டது.
ஹுமைத் சார் அதன் ஓரத்திலேயே பதில் எழுதினார்:
"உட்காரப்போவது நாம்தானே."

ஐந்து பேர் விலை போட்டார்கள்.
குறைந்த விலைக்காரரின் ஆள் ஜிஜோ.
கொண்டுவந்த கோப்பு
கல்யாண ஆல்பம் மாதிரி கனத்தது.
தோட்டத் தேக்கு, வயது இருபத்திரண்டு,
வெட்டிய தேதி, ஏற்றிய கப்பல்,
நீலத்தில் ஒரு முத்திரை, பச்சையில் ஒன்று.
மாதிரிக்குச் செங்கல் அளவில் ஒரு கட்டை,
தேன்நிறச் சாயம் பூசி.
"பேப்பர் எல்லாம் பக்கா, மேடம்."
பக்காதான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வெள்ளி மதியம் அந்தக் கட்டையை
கார் முன்கண்ணாடியடியில் மறந்து வைத்துவிட்டேன்.
ஆகஸ்ட்.
ஸ்டியரிங்கைப் பிடிக்கத் துண்டு தேவைப்படும் வெயில்.
திங்கள் காலை கதவைத் திறந்தால்
ஒரு வாசனை முதலில் இறங்கி வந்தது.
சாயத்தைப் பிளந்துகொண்டு
கட்டையின் ஒரு முகம் முழுக்கப் பிசின்.

கிடங்கில் தேஜ்பகதூர் இருந்தான்.
கட்டைவிரலால் வழித்தான், முகர்ந்தான்,
கோப்பைத் திறக்கவே இல்லை.
"தேக்குக்கு இப்படி வேர்க்காது.
இது கெருயிங். தோட்டத்தில் யார் வைப்பார்கள் இதை?"
மறுபடி மோவாயைச் சொறிந்துகொண்டு
ரம்பத்துக்குப் போய்விட்டான்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு.
நிற்பதற்கு ஒரு பெயர், அறுத்ததற்கு ஒரு பெயர்:
ஷஜர், கஷப்.
எனக்கு இரண்டும் மரம்.
இந்த விஷயத்தில் என் மொழி கொஞ்சம் சோம்பேறி என்று
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.
அன்று சோப்புக்கும் எலுமிச்சைக்கும் விடாத விரல்களோடு
நிராகரிப்புக் குறிப்பை அடித்தேன்.
என்டர் பொத்தான் இன்னும் ஒட்டுகிறது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.
மறு டெண்டரில் விலை ஏறியது.
இருந்த பணத்துக்கு நூற்றுப்பத்து பெஞ்சுகள்.
நாங்கள் வேண்டாமென்ற சரக்கு
வந்த வழியே காட்டுக்குப் போகவில்லை.
ஒன்பதாம் ஷரத்து இல்லாத ஏதோ ஓர் ஊரில்
வில்லாக் கதவாகி
இந்நேரம் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.
ஜிஜோ பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினான்,
வழக்கம்போல.

நடைபாதையின் வடகோடியில்
பெஞ்ச் வராத எழுபது இடங்களிலும்
நாலு நாலு போல்ட்டுகள் சிமென்ட்டிலிருந்து நீட்டி நிற்கின்றன.
ஞாயிறு சாயங்காலம் ஒன்றில்
சாப்பாட்டுப் பை தொங்கியது.
பக்கத்தில் அட்டைப்பெட்டியை விரித்து
வேலைச் சட்டையோடு ஒருவர். சட்டையில் பெயர்: மலைக்கொழுந்து.
தமிழ் முகம் கண்டதும் கேட்டார்:
"அந்தப் பக்கமெல்லாம் பெஞ்ச் போட்டுருக்கு.
இங்க ஏன் போடலை?"

"மரம் வரலைங்க."

கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மென்றார்.
"வரலைன்னா,
அங்கயே நிக்குதா?"

அந்த மரம் இல்லை, அது எப்போதோ விழுந்தாச்சு,
அதற்கு அடுத்தது வேண்டுமானால்,
அதுவும் எல்லா ஊரும் கேட்டால், என்று
நாலு வரியாக, அரைப்பக்கமாக,
மூன்று குறிப்போடு வாயில் வந்தது.

அவர் அட்டையில் நகர்ந்து
இடம் விட்டார்.
உட்கார்ந்தேன்.